கசியாத முடிச்சைத் தொடக் கூடாதா?

வலிப்புக்காகவோ விடாத தலைவலிக்காகவோ எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். மூளையின் ஓரிடத்தில் ரத்தக்குழாய்கள் கொத்தாகப் பின்னிக் கிடப்பது தெரிகிறது. மருத்துவர் அதை ஏவிஎம், அதாவது தமனி-சிரை முடிச்சு, என்கிறார். ரத்தம் கசிந்த அடையாளம் ஏதும் இல்லை. என்ன செய்யலாம் என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். 2014-க்குப் பிறகு இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் நிலைத்துவிட்டது: ‘கசியாத முடிச்சைத் தொடக் கூடாது. தொட்டால்தான் ஆபத்து. அருபா ஆய்வு நிரூபித்துவிட்டது.’

இந்தப் பதிலைப் பொது விதியாக்கியது பெரும் தவறு என்பது என் வாதம். சில நோயாளிகளுக்கு அது முற்றிலும் சரியான அறிவுரைதான். அவர்கள் யார் என்பதையும் சொல்லப்போகிறேன். ஆனால் முடிச்சின் அளவு, இடம், வடிகால், நோயாளியின் வயது எதையும் பார்க்காமல் ‘கசியவில்லை’ என்ற ஒரே தகவலை வைத்து ஒரு முழு வாழ்நாளைத் தீர்மானிப்பதற்கு அந்த ஆய்வு எந்த உரிமையும் தரவில்லை. எவ்வளவோ உழைப்பில் நடத்தப்பட்ட நல்ல ஆய்வு ஒன்றின் மீது, அதனால் தாங்க முடியாத முடிவை ஏற்றிவைத்திருக்கிறோம்.

முதலில் இந்த முடிச்சு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதயத்திலிருந்து தமனி வழியாக அழுத்தத்தோடு வரும் ரத்தம், முடியைவிட மெல்லிய தந்துகிகளில் பரவி வேகம் தணிந்த பிறகே சிரைகளுக்குள் இறங்க வேண்டும். இந்த முடிச்சில் தந்துகிகள் கிடையாது. மதகு இல்லாத ஏரியின் நீர் வயல் வாய்க்காலுக்குள் நேராகப் பாய்வதைப்போல, தமனியின் அழுத்தம் முழுவதும் மெல்லிய சுவருள்ள சிரைகள் மீது விழுகிறது. ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கும் சிரைகள் வீங்குகின்றன, சில இடங்களில் குறுகுகின்றன, ஒரு நாள் கிழிகின்றன. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் அறிகுறியே மூளைக்குள் ரத்தக்கசிவு. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தலைகாட்டும் நோய் இது. வயதானவர்களுக்கு வரும் மற்றப் பக்கவாதங்களோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாததற்கு இந்த வயதுதான் காரணம். இந்த வாதம் முழுவதும் அந்த வயதைச் சுற்றியே நிற்கிறது.

‘தொடாதே’ என்ற அறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1928-இல் ஹார்வி குஷிங்கும் வால்டர் டாண்டியும் இந்த முடிச்சுகளைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். மூளை அறுவையின் மாபெரும் பெயர்களான இருவரும் இதில் கைவைப்பது பேராபத்து என்ற முடிவுக்கே வந்தார்கள். அன்றைக்கு அது நேர்மையான முடிவு. மூளை ரத்தக்குழாய்களைச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையை லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கண்டறிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அறுவை நுண்ணோக்கி இல்லை. எங்கே வெட்டுகிறோம் என்பதே தெரியாது. 1932-இல் ஸ்டாக்ஹோமில் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா ஒரு முடிச்சை முழுதாக அகற்றிக் காட்டினார். அறுபதுகளின் இறுதியிலிருந்து சூரிச்சில் காசி யாசர்கில் நுண்ணோக்கியின் கீழ் அதை ஒரு கலையாக வளர்த்தார். 1970-இல் ஸ்டாக்ஹோமிலேயே லாடிஸ்லாவ் ஸ்டைனர், லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃபைக் கொண்டு, மண்டையோட்டைத் திறக்காமல் கதிர்களைக் குவித்து ஒரு முடிச்சை மூடும் வேலையைத் தொடங்கினார். 1960-இலேயே லூசன்ஹாப்பும் ஸ்பென்ஸும் ரத்தக்குழாய்க்குள் சிறு உருண்டைகளைச் செலுத்தி முடிச்சை அடைக்க முயன்றிருந்தார்கள். இன்று அதே வேலையைத் தொடை வழியாகச் செலுத்தும் நுண்குழாயும் பசை போன்ற திரவமும் செய்கின்றன. கருவிகள் இவ்வளவு மாறியிருக்கின்றன. அறிவுரை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி 1928-க்கே திரும்பியிருக்கிறது என்றால், அதற்கான சான்று அசைக்க முடியாததாக இருக்க வேண்டும்.

சான்றைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் நிதியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜே. பி. மோர் தலைமையில், 2007 ஏப்ரலில் அருபா தொடங்கியது. ஒன்பது நாடுகளில் 39 மையங்கள். கசியாத முடிச்சுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வலிப்பு மருந்து, தலைவலி மருந்து, கண்காணிப்பு மட்டும். மற்றவர்களுக்கு அதோடு அறுவை, கதிர், அடைப்பு இவற்றில் ஏதேனும் ஒன்றோ பலவோ. மரணமோ பக்கவாதமோ யாருக்கு அதிகம் என்பது கேள்வி. 2013 ஏப்ரலில் கண்காணிப்புக் குழு ஆய்வை இடையில் நிறுத்தச் சொன்னது. அதுவரை சராசரியாக 33 மாதம் கண்காணிக்கப்பட்டிருந்தார்கள். மருந்து மட்டும் பெற்ற 109 பேரில் 11 பேருக்கு மரணமோ பக்கவாதமோ நேர்ந்திருந்தது. தலையீடு பெறும் பக்கம் விழுந்த 114 பேரில் 35 பேருக்கு. பத்து விழுக்காட்டுக்கு எதிராக முப்பது விழுக்காடு. 2014-இல் லான்செட் இதழில் இது அச்சானது. 2020-இல் இறுதி முடிவு வந்தபோது கண்காணிப்புக் காலம் சராசரி 50 மாதமாக நீண்டிருந்தது. மருந்துப் பக்கம் 110 பேரில் 15, தலையீட்டுப் பக்கம் 116 பேரில் 41. இடைவெளி மாறவில்லை. அன்றாட வேலைகளைச் செய்யமுடியாத நிலையும் தலையீடு பெற்றவர்களிடமே அதிகம்.

இந்த எண்களைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அவை உண்மை. சிகிச்சை என்ற பெயரில் அந்த 39 மையங்களில் நடந்தவை நோயாளிகளுக்குத் தீங்கு செய்தன. அறுவை மருத்துவர்களில் சிலர் இந்த ஆய்வு வந்தவுடன் கோபத்தில் அதை முழுவதுமாகத் தூக்கியெறிந்தார்கள். அது அவர்கள் தரப்புக்கு அழகு சேர்க்கவில்லை. மூன்றில் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் ஏன் நேர்ந்தது என்றுதான் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தால், ‘தொடக் கூடாது’ என்பதைவிட முற்றிலும் வேறான ஒரு பதில் கிடைக்கிறது.

காலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் குறைகளையும்விட இது பெரியது. சிகிச்சையின் ஆபத்து முன்கூட்டியே கொடுத்துத் தீர்க்கும் ஆபத்து. அறுவை நடந்த அன்றோ அடுத்த சில வாரங்களிலோ அது தன் கணக்கை முடித்துக்கொள்கிறது. முடிச்சு முழுதாகப் போய்விட்டால் அதன் பிறகு கசிவின் அச்சம் ஏறத்தாழ இல்லை. விட்டுவைப்பதன் ஆபத்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. இரண்டையும் 33 மாதத்தில் நிறுத்தி எடைபோட்டால், முதல் தட்டில் முழுச் செலவும் இருக்கும், இரண்டாவது தட்டில் செலவின் சிறு துண்டு மட்டும் இருக்கும். இது ஆய்வாளர்களின் சூழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. பாதியில் நிறுத்தப்பட்ட எந்த ஆய்வுக்கும் நேரக்கூடியது.

கணக்காகவே போடலாம். பல ஆய்வுகளைத் தொகுத்த கிராஸ், டு இருவரின் 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, கசியாத முடிச்சு கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு என்கிறது. இந்த விகிதம் மாறாமல் தொடர்ந்தால் மூன்று ஆண்டில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குக் கசியும். இருபது ஆண்டில் 36 பேருக்கு. இருபது வயதில் முடிச்சு கண்டறியப்பட்ட ஒரு பெண் எழுபது வயதுவரை வாழ்ந்தால், அந்த ஐம்பது ஆண்டில் ஒரு முறையாவது கசியும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. கசிந்தால் பத்தில் ஒருவராவது இறக்கிறார். பிழைத்தவர்களில் பலர் பேச்சையோ ஒரு பக்கக் கைகாலையோ இழக்கிறார்கள். அருபாவில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 44. அவர்களுக்கே இன்னும் முப்பது ஆண்டு வாழ்வு மீதமிருந்தது. அதில் மூன்றையோ நான்கையோ பார்த்துவிட்டு மீதி இருபத்தைந்துக்கும் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

நீண்ட காலம் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? பின்லாந்தில் ஆண்ட்ரா குழுவினர் சிகிச்சை பெறாத 160 பேரைச் சராசரி 24 ஆண்டு தொடர்ந்து 1990-இல் எழுதினார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேருக்குப் பெரிய கசிவு, ஒருவருக்கு மரணம். இருபதாண்டு கழிந்தும் வேகம் தணியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கசிந்து வந்தவர்கள் என்பது உண்மைதான், அந்த விகிதத்தை அப்படியே கசியாதவர்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் காலம் செல்லச் செல்ல முடிச்சு அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

எதிர்த்தரப்பு இங்கே ஸ்காட்லாந்தைக் காட்டும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே 204 பேரைப் பன்னிரண்டு ஆண்டுவரை தொடர்ந்து 2014-இல் முடிவு சொன்னார்கள். விட்டுவைக்கப்பட்டவர்களுக்கு முடிச்சால் வரும் பக்கவாதம் குறைவாகவே இருந்தது. ஆனால் மரணம் அல்லது நிலைத்த ஊனம் என்ற முதன்மைக் கணக்கில், முதல் நான்கு ஆண்டில் மட்டும்தான் அவர்கள் முன்னிலை. அதன் பிறகு இரு தரப்பும் சமம். அந்த முன்னிலை நான்கே ஆண்டில் நின்றுவிட்டது என்றால், நாற்பது ஆண்டில் என்ன ஆகும் என்று கேட்பதுதான் நியாயம். மேலும் அது குலுக்கலில் பிரித்த ஆய்வு அல்ல. சிகிச்சை வகைகளும் அருபாவைப் போலவே கலந்து கிடந்தன.

கலந்து கிடந்தன என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. 2011-இல் வான் பைனம் குழுவினர் உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நுண் அறுவை செய்தவர்களில் 96 விழுக்காட்டினருக்கு முடிச்சு முழுதாக நீங்கியது. கதிர் சிகிச்சையில் 38 விழுக்காடு. அடைப்பு மட்டும் செய்தவர்களில் வெறும் 13 விழுக்காடு. நிரந்தரக் கேடோ மரணமோ நேர்ந்த விகிதம் மூன்றிலும் ஐந்துக்கும் ஏழரைக்கும் இடையில். அதாவது அடைப்பு மட்டும் செய்துகொண்டவர் அறுவைக்கு நிகரான ஆபத்தை ஏற்கிறார். எட்டில் ஒருவர்தான் குணமாகிறார். பாதி அடைத்த முடிச்சு இன்னும் கசியக்கூடிய முடிச்சுதான். இப்போது அருபாவின் தலையீட்டுப் பக்கத்தைப் பாருங்கள். முதல் அறிக்கையின்போது அடைப்பு மட்டும் செய்யப்பட்டவர்கள் 30 பேர். கதிர் மட்டும் 31 பேர். பல முறைகளைச் சேர்த்து 28 பேர். அறுவை மட்டும் செய்யப்பட்டவர்கள் ஐந்தே பேர். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவருக்கு, அறுவைக்கு மிகத் தோதான, ஐந்து படித் தரவரிசையில் முதல் இரு தரங்களில் வரும் முடிச்சுகள் இருந்தன! முடிச்சை முழுதாக நீக்க மிக வல்ல முறை, அதற்கு மிகப் பொருத்தமானவர்களுக்கு ஏறக்குறைய வழங்கப்படவே இல்லை. கதிர் சிகிச்சை பெற்றவர்களின் நிலை இன்னொரு விதம். கதிர் பட்ட குழாய்ச் சுவர்கள் மெல்லத் தடித்து மூட இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை கசியும் வாய்ப்பு அப்படியே இருக்கும். 33 மாதத்தில் கணக்கை மூடியபோது, அந்த 31 பேரில் பலர் சிகிச்சையின் பலனையே இன்னும் எட்டவில்லை. பலன் வரும் முன்னே பலனில்லை என்று எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே அருபா நிரூபித்தது இதுதான்: அந்த மையங்கள் அந்த நோயாளிகளுக்கு அந்தக் கலவையில் கொடுத்த சிகிச்சை, முதல் சில ஆண்டுகளில், கொடுக்காமல் இருந்ததைவிட மோசம். இதில் எனக்கு ஐயமே இல்லை. இதிலிருந்து ‘தரம் ஒன்று முடிச்சைத் தேர்ந்த கையால் அகற்றக் கூடாது’ என்று எப்படி வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

யார் சேர்ந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1,740 பேரைப் பரிசீலித்தார்கள். 726 பேர் தகுதி பெற்றார்கள். 323 பேர் மறுத்துவிட்டார்கள். 177 பேருக்கு மருத்துவர்களே குலுக்கலுக்கு வெளியில் வழி முடிவு செய்தார்கள். மிஞ்சியவர்கள் 226 பேர். ஆறு ஆண்டு, 39 மையங்கள். ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற கணக்குகூட வரவில்லை. தெளிவாக அறுவையால் பயன்பெறக்கூடியவர் என்று தோன்றிய இளைஞரை எந்த மருத்துவர் குலுக்கலுக்கு அனுப்பியிருப்பார்?

சராசரி என்ற ஒன்றே இந்த நோயில் ஏமாற்றும். அருபாவின் தலைவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஸ்டாஃப் 2006-இல் கொலம்பியா நோயாளிகளைக் கொண்டு எழுதிய கட்டுரையே இதற்குச் சாட்சி. முன்பு கசியாத, மூளையின் ஆழத்தில் இல்லாத, ஆழ்ந்த சிரைகளில் வடியாத முடிச்சு ஆண்டுக்கு 0.9 விழுக்காடுதான் கசிகிறது. மூன்று கேடுகளும் சேர்ந்தால் 34.4 விழுக்காடு. கசியாத முடிச்சுகளுக்குள்ளேயேகூட, ஆழத்தில் இருந்து ஆழத்திலேயே வடிபவற்றுக்கு ஆண்டுக்கு எட்டு விழுக்காடு. ஒன்றுக்கும் குறைவு ஒருபுறம், எட்டு மறுபுறம். இரண்டுக்கும் ‘கசியாதது’ என்று ஒரே பெயர் சூட்டி ஒரே மருந்துச் சீட்டு எழுதலாமா?

இங்கேதான் நோயறிதல் முக்கியமாகிறது. ‘விட்டுவிடலாம்’ என்ற முடிவு பெரும்பாலும் எம்ஆர்ஐ படத்தோடு நின்றுவிடுகிறது. எம்ஆர்ஐ முடிச்சு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, பேச்சுக்கோ அசைவுக்கோ பார்வைக்கோ உரிய பகுதியைத் தொடுகிறதா என்பதைச் சொல்லும். இரும்புச்சத்துக்குக் கூருணர்வுள்ள படமுறையில் எடுத்தால், நோயாளி அறியாமலே முன்பு கசிந்து உறைந்த ரத்தத்தின் கறையையும் காட்டும். அந்தக் கறை இருந்தால் ‘கசியாதது’ என்ற பெயரே பொய்யாகிவிடுகிறது. ஆனால் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை எம்ஆர்ஐ நன்றாகச் சொல்லாது. அதற்கு ஆஞ்சியோ வேண்டும். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, சாயம் விட்டு, நொடிக்குப் பல படங்களாக எடுக்கும் பரிசோதனை அது. எந்தத் தமனிகள் ஊட்டுகின்றன, அவற்றிலோ முடிச்சின் உள்ளேயோ பலூன்போல் வீங்கிய இடம் இருக்கிறதா, வெளியேறும் சிரை ஒன்றா பலவா, அது எங்காவது குறுகியிருக்கிறதா, மேற்பரப்பில் வடிகிறதா ஆழத்தில் வடிகிறதா — இத்தனையும் அதில்தான் துலங்கும். ஆஞ்சியோவால் நிரந்தரப் பக்கவாதம் வரும் வாய்ப்பு தேர்ந்த கைகளில் நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு.

1986-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் வகுத்த தரவரிசை இன்றும் எல்லா மருத்துவர்களும் பயன்படுத்துவது. முடிச்சின் அளவு மூன்று செ.மீ.க்குக் குறைந்தால் ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. முக்கியப் பணி செய்யும் மூளைப் பகுதியில் இருந்தால் ஒன்று. ஆழ்ந்த சிரையில் வடிந்தால் ஒன்று. கூட்டினால் ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் கிடைக்கும். ஒரு தாளின் ஓரத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. முழுப் பரிசோதனையும் தரமும் இல்லாமல் ‘தொட வேண்டாம்’ என்று சொல்வது அறிவுரை ஆகாது, ஊகம் மட்டுமே.

தரம் ஏன் இவ்வளவு முக்கியம்? சிட்னியில் மைக்கேல் மார்கன் குழுவினர், தாங்கள் அறுவை செய்த கசியாத முடிச்சுகளின் கணக்கை 2014-இல் வெளியிட்டார்கள். முதல் இரு தரங்களில் நிரந்தரமான கேடு நூற்றில் இருவருக்கும் குறைவு. மூன்றாம் தரத்தில் ஏழில் ஒருவர் அளவுக்கு. நான்கிலும் ஐந்திலும் மூன்றில் ஒருவருக்கும் மேல். தன் கையால் செய்த அறுவையைத் தானே மதிப்பிட்டால் கணக்கு இனிப்பாகத்தான் வரும் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். நியாயமான ஐயம். எல்லா ஊரிலும் எல்லா மருத்துவருக்கும் சிட்னியின் எண் வராது. ஆனால் அதே குழு தன் நான்காம் ஐந்தாம் தரக் கணக்கையும் மறைக்காமல் வெளியிட்டிருக்கிறது. தன்னைப் புகழ மட்டும் எழுதுகிறவர், மூன்றில் ஒருவருக்குமேல் கெடுத்தேன் என்று அச்சில் ஏற்ற மாட்டார். 2017-இல் ஐரோப்பாவின் அறுவை, கதிர், ரத்தக்குழாய்வழிச் சிகிச்சைச் சங்கங்கள் கூடிப் பேசியபோதும், தரம் ஒன்று, இரண்டு முடிச்சுகளுக்குக் கசியாவிட்டாலும் சிகிச்சை அளிக்கப் போதிய நியாயம் இருக்கிறது என்றே முடிவு செய்தார்கள்.

இப்போது நான் வாக்களித்தபடி மறுபக்கம். ஆறு செ.மீ.க்கு மேல் விரிந்து, பேச்சுப் பகுதியை விழுங்கி, ஆழத்தில் வடியும் ஐந்தாம் தர முடிச்சைக் கசியாத நிலையில் தொடக் கூடாது. அறுபத்தைந்து வயதில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த முடிச்சையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். அவருடைய மீதி ஆண்டுகளில் சேரும் ஆபத்து, அறுவையின் ஆபத்தைத் தாண்டாமல் போகலாம். முழுதாக மூட வழியில்லை என்று முன்பே தெரிந்த முடிச்சைப் பாதி அடைத்து வைப்பதை அருபாவுக்குப் பிறகு யாரும் நியாயப்படுத்த முடியாது. இந்த மூன்று பாடங்களுக்கும் அந்த ஆய்வுக்கு நன்றி சொல்கிறேன். ‘தலைக்குள் வெடிகுண்டு’ என்று சொல்லி இரவோடு இரவாகக் கையெழுத்து வாங்குகிற அறுவை மருத்துவரும் என் எதிரிதான். கசியாத முடிச்சில் அவசரம் ஏதும் இல்லை. இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, மாதக்கணக்கில் யோசித்து முடிவெடுக்க நேரம் உண்டு.

இன்னொரு வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம்: பிறவியிலேயே வந்தது, இத்தனை ஆண்டு ஒன்றும் செய்யவில்லை, இனியும் செய்யாது. 2018-இல் டொரண்டோவிலும் பின்லாந்திலும் ஆய்ந்தவர்கள், அகற்றப்பட்ட முடிச்சுகளில் 72-ஐச் சோதித்து, 45-இல் கேராஸ் மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம் அல்ல அது. முடிச்சின் செல்களில் மட்டும் நேர்ந்தது, செல்லுக்கு வளரும் கட்டளை தரும் மரபணுவில் நேர்ந்தது. குழந்தைகளில் முழுதாக அகற்றிய முடிச்சு மீண்டும் முளைத்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. இது செத்த வடு அல்ல, உயிருள்ள திசு. நேற்றுவரை சும்மா இருந்தது நாளைக்குப் பிணை ஆகாது.

கசிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் அமெரிக்க செனட்டராக இருந்த டிம் ஜான்சனின் கதையை நினைக்க வேண்டும். 2006 டிசம்பர் 13 அன்று செய்தியாளர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பேச்சு குழறியது. மூளையில் இப்படியொரு முடிச்சு கசிந்திருந்தது. நாட்டின் தலைநகரில், நாடாளுமன்ற வளாகத்தில், பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மிக அருகில் இருந்த மனிதர். அன்றிரவே அறுவை நடந்தது. உயிர் பிழைத்தார். அவைக்குத் திரும்ப அடுத்த செப்டம்பர் ஆனது. திரும்பியபோதும் பேச்சு தடுமாறியது, வலப்பக்கம் தளர்ந்திருந்தது. உலகில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக விரைவான உதவிக்குப் பிறகு இந்த நிலை. நம் ஊரில் நரம்பியல் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம் இருக்கிற கிராமத்தில், இரவில் இதே கசிவு நேர்ந்தால் என்ன ஆகும்? விட்டுவைப்பதன் ஆபத்தைக் கணக்கிடும்போது இந்தத் தூரமும் கணக்கில் வர வேண்டும்.

அதனால் இருபத்திரண்டு வயது மகனின் ஸ்கேன் படத்தோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். தரம் என்ன? ஆஞ்சியோ எடுத்தாயிற்றா? வீக்கமோ குறுகலோ பழைய கறையோ இருக்கிறதா? அவன் வாழ்நாள் முழுதும் கசியும் வாய்ப்பு எவ்வளவு? அறுவை செய்பவர், கதிர் சிகிச்சை தருபவர், ரத்தக்குழாய்வழி அடைப்பவர் மூவரும் சேர்ந்து பார்த்தார்களா? சிகிச்சை தரப்போகிற மருத்துவர் இதே தரத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களில் எத்தனை பேர் முன்புபோல் நடந்து வீட்டுக்குப் போனார்கள்? கடைசிக் கேள்வி மருத்துவருக்குக் கூச்சம் தரலாம். ஆனாலும் கேட்க வேண்டும். சிட்னியின் எண்ணை எடுத்துக்காட்டிச் சம்மதம் கேட்பவர் தன் எண்ணையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

எல்லாம் கேட்ட பிறகும் விட்டுவைப்பதே மேல் என்று முடிவாகலாம். அப்போதும் ‘ஒன்றும் வேண்டாம், போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவதற்கு அருபாவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அந்த ஆய்வில் நன்றாக இருந்தவர்கள் கண்காணிக்கப்பட்டவர்கள். வலிப்புக்கும் தலைவலிக்கும் மருந்து பெற்றவர்கள், குறித்த தேதியில் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்கள். ரத்த அழுத்தம் பார்க்காமல், அடுத்த படம் எப்போது என்று எழுதாமல், திடீர்த் தலைவலியோ வாந்தியோ கைகால் தளர்ச்சியோ வந்தால் எந்த மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பப்படுகிறவர் அருபாவின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருக்கு என்ன நேரும் என்று அந்த ஆய்வு ஒரு வரிகூடச் சொல்லவில்லை.